மார்க்கெட் தெரு, எண் பதினெட்டு

கடை,
பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். இவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போனாயே, முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே அம்மா, உன் அண்ணி, நான் எல்லாரும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவது பழக்கம். இந்த ஒரு தடவை அந்த வார்த்தையை விட்டுவிடுகிறேன்.

பஸ் ஏறும்போது நீ சொன்னாய்: "போன்ல வேணாம் அண்ணா. நம்ம சின்னவனுக்கு என்ன நடந்துச்சுன்னு உட்கார்ந்து எழுதி அனுப்புங்க." சரக்கு விவரம் தவிர நான் எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது. ஆனாலும் கேட்டுவிட்டாய்.

அன்று ஞாயிறு. மார்க்கெட் தெருவில் கடை லீவு. பைபாஸ் ரோட்டில் போன வருஷம் பிடித்த கோடவுனில் சரக்கு எண்ண வேண்டியிருந்தது. கோடவுன்தான், ஆனால் எங்கள் எல்லார் வாயிலும் அதுவும் கடைதான். தம்பியும் மைனாவும், புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் மட்டும் போனார்கள். பத்தரை, பதினொன்று இருக்கும். டைல்ஸ் அடுக்கில் கீழ்ப்பெட்டி நசுங்கி, மேலே இருந்த பதினோரு பெட்டி அவன் மேல் சரிந்தது. உடைந்த டைல்ஸ் தொடையைக் கிழித்துவிட்டது. கத்தி கூட அப்படிக் கிழிக்காது.

மைனா 11.05க்கு அவசர உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். பதற்றத்தில் மார்க்கெட் தெரு விலாசத்தைச் சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறது. 11.26க்கு அவள் எனக்குக் கூப்பிட்டாள்; அதற்குள் இடம் தப்பென்று தெரிந்து வண்டியையும் கோடவுனுக்குத் திருப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேரவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. மணி 11.47. டாக்டர் "இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பதற்றத்தில் யாருக்கும் வாய் குழறும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

முதுகு பரவாயில்லை. உங்கள் சர்க்கரை எவ்வளவு? அம்மா மாத்திரை போடுகிறாளா, அல்லது தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாளா?

ஏன் கடிதம் என்று அண்ணியிடம் சலித்துக்கொண்டீர்களாம். போனில் நான் பாதி சொல்லும்போதே "சரிம்மா, ஆள் நிக்குது" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் என்னை முழுசாகப் பேச விட்டாக வேண்டும், அதனால்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். சின்னவன் தன் பெண்டாட்டிக்கு மைனா என்று பேர் வைத்தது ஏன்? லாரி டிரைவருக்கு வழி சொன்னால்கூட டீக்கடை, வேகத்தடை, முறிந்த மரம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாளே, அதனால்தானே! அவளா இடத்தை மாற்றிச் சொல்வாள்?

தபால் பிரிப்பகத்தில் என் மேஜைக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். விலாசம் தவறி வந்த தபாலெல்லாம் என்னிடம்தான் வரும். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். பதறிப்போய் எழுதுகிறவர்கள் பாதி விலாசம் எழுதுவார்கள், எண்ணைப் புரட்டிப் போடுவார்கள். தெரு, கதவு எண் எல்லாம் சுத்தமாக இருந்து, ஆனால் ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு தபால் வந்தால், அது யாரோ முன்னாலேயே அச்சடித்து வைத்த உறையாக இருக்கும்.

அந்த அழைப்பில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

அம்மா மைனாவைப் பார்த்து, "உன் வாய்தான் என் பிள்ளையைக் கொன்னுச்சு" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. நீங்களும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள் அண்ணா.

பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை


கடை,
மார்ச் 4

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

என் சர்க்கரை என்னைப் போலவே, ஏறினால் இறங்காது. அம்மா மாத்திரையை ஒளிப்பது தலையணைக்கு அடியில் இல்லை, மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள். உன் துப்பறியும் மூளை அவ்வளவுதான்.

வியாபாரம் மந்தம். சின்னவன் இல்லாமல் எந்தச் சரக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. குழாய் கேட்டால் கீல் எடுத்து வருகிறான்கள். போர்டுக்குப் புது பெயின்ட் அடித்தோம். அதில் இருந்த என் போன் நம்பரை அழிக்கச் சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் தெரியாத நம்பர் வந்தால் நான் எடுக்கிற விதம் உனக்குத் தெரியும். இப்போது ஞாயிற்றுக்கிழமையானாலும், குளியலறையில் இருந்தாலும் எடுத்து முழுசாகக் கேட்கிறேன். உன் அண்ணி சிரிக்கிறாள்.

மைனா பேசுவதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுகிறாள். அவளுடைய ஏழு வயசுக் குட்டிதான் இப்போது அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள். அம்மா சொன்னதை மனசில் வைக்காதே. பெற்ற வயிறு எரியும்போது யார் மேலாவது கொட்டத்தான் செய்யும்.

அந்த அழைப்பு விஷயத்தை விபத்து விசாரணைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு எதற்கு?

மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். இங்கே நலம். அவருக்கு இருமல் நின்றது.

நீங்கள் சொல்லாததால் மைனாவிடமே கேட்டேன்.  போனில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு ரெண்டு கையாலயும் காயத்தை அமுக்கிட்டு இருந்தேன்க்கா. எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. கடையிலன்னேன். உடனே அவங்களே, மார்க்கெட் தெரு, எண் பதினெட்டுதானே, எங்களுக்குத் திரையில வருதுன்னாங்க. ஆமான்னுட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. வண்டி கிளம்பிடுச்சு, போனை வைங்கன்னாங்க. வெச்சேன். அப்புறம் ஏதோ நம்பர்லேர்ந்து ரெண்டு தடவை அடிச்சுது, கையை எடுத்தா ரத்தம் பீய்ச்சுது, எடுக்கலை. இருபது நிமிஷமாயும் ஆள் வரலை. திரும்ப நானே அடிச்சேன். ஏன் இன்னும் வரலைன்னு கத்தினேன். அவங்களும் கத்தறாங்க. வாசல்லதாம்மா நிக்கிறாங்க, ஷட்டரைத் திறங்கன்னு. ஷட்டர் திறந்துதான் இருக்கு, திறந்துதான் இருக்குன்னு நான் சொல்றேன். அவர் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார்க்கா. நிஜமாவே வெயிலு உள்ள வரைக்கும் வந்துட்டு இருந்துது."

அதோடு போனை வைத்துவிட்டாள். 

அவள் வாயில் விலாசமே வரவில்லை அண்ணா. அது முன்னாலேயே திரையில் இருந்திருக்கிறது. கோடவுனில் இருந்து பேசினவளின் அழைப்பு மேல் கடை விலாசத்தை ஒட்டியது யார்?

சர்க்கரை மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

தங்கை


கடை,
மார்ச் 31

தங்கைக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம் வந்தது. விவரம் கேட்டாய், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கொட்டகை முழுக்கத் தகரம். உள்ளே நின்றால் போனில் ஒரு கோடுகூட வராது. அதனால் இன்டர்நெட் பெட்டி ஒன்றை மேல் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். பிளக்கைச் சொருகினால் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்கிற பெட்டி. உள்ளே இருக்கிற போனெல்லாம் அந்த வைஃபையைப் பிடித்துத்தான் பேசும். டவர் வழியாகப் பேசினால் ஆள் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று தோராயமாகத் தெரியுமாம். பெட்டி வழியாகப் பேசினால் அப்படியில்லை. அந்தப் பெட்டிக்கு எந்த விலாசம் எழுதி வைத்திருக்கிறார்களோ, அதுதான் அவசர உதவிக்காரர் திரையில் வரும்.

ஆகக் கம்பெனி கோளாறு. பூமி முழுக்க வலை விரித்தவனுக்கு ஒரு பெட்டி எங்கே தொங்குகிறது என்று தெரியவில்லை. யாரிடம் போய் அழுவது? இதோடு விடு. போனவன் வரப்போவதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

எங்கள் அலுவலகத்தில் நெட் கேபிள் வேலை பார்க்கிறவரிடம் கேட்டேன். அவர் சொன்னது: அந்த மாதிரிப் பெட்டியை இடம் மாற்றினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். புது விலாசம் என்ன என்று பெட்டிக்காரருக்கு ஒரு செய்தி அனுப்புவார்கள். அவர் பதில் சொல்லாமல் விட மாட்டார்கள்.

பெட்டி யார் பேரில் இருக்கிறது அண்ணா? செய்தி யாருக்கு வந்தது?

இன்னொன்று. கோடவுனில் உயிர் போகிற நேரத்தில் அந்தப் பெண் ஏன் "கடை" என்று சொன்னாள்? பழக்கம் என்கிறீர்கள். சின்னவன்கூடச் சொல்வானே, "அண்ணன் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கயும் கடைன்னு போர்டு மாட்டிடுவார்" என்று. ஆனால் பழக்கத்துக்கும் ஒரு ஆரம்பம் இருக்கும்.

நேற்று மைனா கூப்பிட்டாள். பொறுப்பில்லாதவள் கையில் குழந்தையை விட முடியாது, பள்ளி மூடியதும் குட்டி தன்னிடம்தான் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். மைனா சரி என்றுவிட்டாள். கேட்டீர்களா? சரி என்றுவிட்டாள். "அப்பாவைத்தான் காப்பாத்தலை, இவளையாவது நல்ல கையில விடறேன்க்கா" என்கிறாள். மே 28 விசாரணையில் தவறான இடத்தைச் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறந்த வீட்டுக்குப் போய்விடப் போகிறாள்.

பெற்ற குழந்தையை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஒருத்தியை நம்ப வைத்திருக்கிறோம். நமக்கு எதற்கு என்று இனி எழுதாதீர்கள்.

தங்கை


ஏப்ரல் 27

அண்ணா,

நலமா? கிட்டத்தட்ட ஒரு மாதமாக எனக்கு ஒரு வரி இல்லை. பதிவுத் தபாலில் போட்ட என் கடிதம் வழியில் தொலைந்ததோ என்று நானே பதிவேட்டைப் பார்த்தேன். ஏப்ரல் 9, காலை பத்து மணி பத்து நிமிஷம். உங்கள் கையெழுத்து. வழக்கமான ஒற்றைச் சுழி இல்லை, முழுப் பேரும் எழுதியிருக்கிறீர்கள்.

மே 28க்கு இன்னும் ஒரு மாதம்.

தங்கை


கடை,
மே 6

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நலம் கேட்டிருந்தாய். தூக்கம் இல்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன் என்று ஊரில் பேர். மூன்று மாதமாகச் சுற்றி வளைத்துவிட்டேன். இப்போது நேராகச் சொல்கிறேன்.

பெட்டி என் பேரில்தான். மார்க்கெட் தெருக் கடைக்கு வாங்கியது. கோடவுனுக்குத் தனியாகக் கேட்டால் அந்த இடத்தின் அனுமதிக் காகிதம் கேட்பார்கள். எனக்கு அனுமதி இன்னும் வரவில்லை. வருவதற்குள் சரக்கை இறக்கிவிட்டேன். அதனால் கடைப் பெட்டியைக் கழற்றி நானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: "இடம் மாற்றினால் அவசர அழைப்புக்காகப் புதிய விலாசத்தைப் பதிவு செய்யவும்." படித்தேன். நம் பொருள் என்று தெரிய எல்லாவற்றிலும் ஒட்டுவோமே கடை லேபிள், அதை அதன் மேல் ஒட்டினேன். வேண்டுமென்று இல்லை. ஒட்ட அந்த இடம்தான் சமமாக இருந்தது.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. "உங்கள் பெட்டி இடம் மாறியதாகத் தெரிகிறது. பழைய விலாசமே சரி என்றால் 1. மாற்ற வேண்டும் என்றால் 2." லாரியில் இருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் சரக்குப் பெட்டியைத் தலைகீழாக வைக்கிறான், அவனைத் திட்டிக்கொண்டே 1 அழுத்தினேன். 2 அழுத்தினால் அனுமதி கேட்பான். அவ்வளவுதான் யோசித்தேன்.

கடை என்று சொன்னதற்கு ஆரம்பம் கேட்டாய். அதுவும் நான்தான். அன்று மாலையே எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன்: "யார் போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்டாலும் கடையில, மார்க்கெட் தெரு பதினெட்டுன்னு சொல்லுங்க. கோடவுன்ங்கற வார்த்தை எவன் வாயிலயும் வரக்கூடாது." சின்னவன் சிரித்தான். மைனா சிரிக்கவில்லை. "சரி பெரியத்தான்" என்றாள். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள்.

கோடவுன் வாசலில் அவளைச் சூழ்ந்துகொண்டு "என்னடி அட்ரஸ் சொன்னே" என்று எல்லாரும் கேட்டபோது எனக்கு ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியில் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறப்பது ஒவ்வொரு நாளும் ஒரு மடங்கு கடினமாகிவிட்டது.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. குட்டியை அவளிடமிருந்து பிரிக்காதபடி அம்மாவிடம் நான் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

அண்ணன்


மே 13

அண்ணா,

இங்கே எல்லாரும் நலம்.

இத்துடன் உங்கள் மே 6 கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் மேஜையில் இந்த மாதிரித் தபால் நிறைய வரும். எழுதினது சரியாக இருக்கும், உள்ளே இருப்பது சரியாக இருக்கும், உறையின் மேல் மட்டும் வேறு ஆள் பேர் இருக்கும். அதைக் கிழிக்க எங்களுக்கு உரிமை இல்லை. அனுப்பியவருக்கே அனுப்பிவிடுவோம்.

இது எனக்கு வர வேண்டிய தபால் இல்லை. யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஸ்டாம்ப் தேவையில்லை.

தங்கை


கோடவுன்,
பைபாஸ் ரோடு,
ஜூன் 9

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீ, மாப்பிள்ளை எல்லாரும் நலமா? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நீ திருப்பி அனுப்பிய தபாலை மே 20 அன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மைனா, குட்டியின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள், நம் வீட்டுக்கு, அம்மாவிடம் அனுப்ப. நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை. பிறகு கேட்டாள்: "அப்போ நான் சரியாத்தான் சொன்னேனா பெரியத்தான்?"

"நான் சொல்லச் சொன்னதைத்தான் நீ சொன்னே" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். வியாபாரிக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தில் உனக்குக்கூட எழுதாமல் விட்ட ஒன்று இருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அதை மறைத்து வைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை.

அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே போர்டைப் பார்த்திருக்கிறார்கள். அதில் என் நம்பர். 11.18க்கு எனக்குப் போன் வந்தது. வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தேன், கன்னமெல்லாம் நுரை. "சார், உங்க கடை வாசல்ல நிக்கிறோம்" என்றான் ஒருவன். அதற்கு மேல் நான் அவனைப் பேச விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேங்கறான்களே என்ற எரிச்சல். "இன்னைக்கு லீவுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்ப அடித்தான். சத்தத்தைக் குறைத்துவிட்டு மறு கன்னத்தைச் சவரம் செய்தேன்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று மறுபடி கேட்டாள். சொன்னதையே சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டாள். மூன்றாம் தடவையும் சொன்னேன். பிறகு கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது எனக்கு வந்ததுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அத்தைகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. இந்த வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்க."

சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்போ அவளை நான் பேசின பேச்சு?" என்றாள். நானே அவளை மைனா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அம்மாவுக்குக் கதவு திறந்தது. உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. குட்டி அங்கேயேதான் இருக்கிறாள். துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டதாக அம்மா சொன்னாள்.

28ஆம் தேதி மைனா அந்தக் கடிதத்தை விசாரணையில் வைத்தாள். என் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நாளைக் காலை இந்தக் கோடவுனுக்குச் சீல் வைக்கிறார்கள். என் மேல் என்ன நடவடிக்கை என்பது பிறகு தெரியும். தெரியட்டும். கடைசியாக ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டியைக் கீழே இறக்கி லேபிளைச் சுரண்டினேன். ஸ்டிக்கர் பாதி கூடவே வந்துவிட்டது.

மே 31இல் இருந்து தினமும் சாயங்காலம் மைனா வீட்டுக்குப் போகிறேன். மன்னிப்புக் கேட்க என்று வைத்துக்கொள், எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கதவைத் தட்டுவேன். உள்ளே குட்டியின் சத்தம் கேட்கும், அம்மாவின் இருமல் கேட்கும். மைனா வருவாள். கதவைத் திறக்க மாட்டாள். குரலில் கோபம் கிடையாது. கடையில் ஆளுக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொல்வாள்.

"இன்னைக்கு முடியாதுங்க. நாளைக்கு வாங்க."

இன்றோடு பத்து நாள். நாளைக்கும் போவேன்.

அண்ணன்